புலம்பெயர் குடும்பத்துச் சிறார் திரைப்படங்களில் மொழி: ஜகாட், தீபன், ஃபன்னி பாய் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஒரு குடும்பம் நாடு மாறும்போது அதன் மொழி அன்றே மாறிவிடுவதில்லை. முதல் தலைமுறையினர் கொண்டுவந்த மொழியிலேயே பெரும்பாலும் வாழ்ந்து முடிக்கின்றனர். மூன்றாம் தலைமுறையினர் பெரும்பாலும் புதிய மண்ணின் மொழியிலேயே கண் விழிக்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் மற்றொன்றுமாக வளர்பவர்களே சிறார். மொழிப்பெயர்வு என்று மொழியியலார் குறிப்பிடும் நிகழ்வு ஒரு சமுதாயத்தில் பல பத்தாண்டுகளில் நடந்தேறுவது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் வாழ்விலோ அது ஏழெட்டு ஆண்டுகளில் நடந்து முடிந்துவிடும்.

இப்பருவத்தைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் உலகெங்கும் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ஆயினும் இவ்வகையைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘வயதுக்கு வருதல்’ என்றோ ‘பருவமடைதல்’ என்றோ எழுதினால், தமிழ் வழக்கில் அவை பெண் பூப்பெய்துவதையே முதன்மையாகக் குறிக்கும். ‘வயது வந்தோர்’ என்னும் தொடரோ சட்டத்தையும் முதியோர் கல்வியையும் நினைவூட்டுவது. பிள்ளைமை நீங்கி உலகறிவு எய்துதல் என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. அதனை ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவாகச் சுட்டும் ஒற்றைச் சொல்லே வழக்கில் இல்லை. எனவே இக்கட்டுரையில் ‘முதிர்வுப் படம்’ என்னும் ஆக்கச்சொல் கையாளப்படுகிறது.

தமிழ்க் குடும்பத்துச் சிறாரை மையமாகவோ முதன்மைப் பாத்திரமாகவோ கொண்ட மூன்று படங்கள் ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படமாகிய ‘ஜகாட்’ (2015), ஜாக் ஓதியார் இயக்கிய பிரெஞ்சுப் படமாகிய ‘தீபன்’ (2015), தீபா மேத்தா இயக்கிய கனடியப் படமாகிய ‘ஃபன்னி பாய்’ (2020) ஆகியன. இவற்றின் கதைச் சிறப்பு, நடிப்பு, ஒளிப்பதிவு ஆகியன பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இப்படங்களில் மொழி வெறும் ஊடகமாக நிற்கிறதா, கதைப்பொருளாகவே அமைகிறதா என்பதும், அவ்வாறு அமையுமிடத்து அது மொழிபெயர்ப்பில் பிழைத்து நிற்கிறதா என்பதும் இக்கட்டுரையின் வினாக்கள்.

2. ஜகாட்: ஒரு சொல்லின் பயணம்

‘ஜகாட்’ 1990களின் தொடக்கத்து மலேசியாவைக் களமாகக் கொண்டது. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாற்றப்பட்டும் வந்த காலம் அது. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் வேலையும் குடியிருப்பும் ஒருசேர இழந்து நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கின. அத்தகைய சூழலில் வளரும் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை இது. கல்வியே மீட்சி என்று நம்பிப் பிரம்பைக் கையில் எடுக்கும் தந்தை மணியம் ஒருபுறம். போதைப்பழக்கமும் குண்டர் குழுவும் தொட்டுச்சென்ற உறவினர் வாழ்க்கை மறுபுறம். இவற்றிடையே குறும்பும் கற்பனையும் மிக்க சிறுவன் ஒருவன் எவ்வாறு உருவாக்கப்படுகிறான் என்பதே படத்தின் வினா.

படத்தின் பெயரே மொழியியலார் கருதத்தக்கது. மலாய் மொழியில் ‘ஜஹாட்’ என்பது தீய, பொல்லாத என்னும் பொருளது. குறும்பு செய்யும் பிள்ளையைக் கடியவும் வழங்குவது. மலேசியத் தமிழர் நாவில் இது ‘ஜகாட்’ ஆகிறது. உயிர்களுக்கிடையே வரும் தமிழ்க் ககரம் (மகன், அகம் போன்ற சொற்களில்) வெடிப்பொலியாக அன்றி உரசொலியாகவே ஒலிக்கப்படுவதால், மலாய் ஹகரம் தமிழ்ச் செவிக்குக் ககரமாகவே கேட்கிறது. வடமொழி ‘மோஹ’ என்பது ‘மோகம்’ ஆனதும் இவ்வழியே. பின்னர் அத்தமிழ் வடிவம் உரோமன் எழுத்துக்கு மாறும்போது ககரம் ‘ஜி’ என்னும் எழுத்தால் எழுதப்பட்டு, மலாய்க்காரர் தம் சொல்லெனக் கண்டுகொள்ள இயலாத வடிவத்தைப் பெறுகிறது. மேலும், அவ்வெழுத்துக்கூட்டலில் மலாய் மொழியில் வேறொரு சொல் உண்டு. அது வடமொழியிலிருந்து சென்று உலகம் என்னும் பொருளில் வழங்கும் ‘ஜகத்’ ஆகும்.

இச்சொல்லின் இடை தமிழ் ஒலியியலுக்கு இணங்கிவிட்டது. முதலில் உள்ள ஜகரமும் இறுதியில் உள்ள டகர ஒற்றும் இணங்கவில்லை. தமிழ்ச்சொல் வல்லின ஒற்றில் முடிவதில்லை என்பது தொல்காப்பியம் முதற்கொண்டு அறியப்பட்ட விதி. ஒரு பாதி தமிழாகவும் ஒரு பாதி அயலாகவும் நிற்கும் இத்தகைய சொற்கள் மலேசியத் தமிழில் பல. இரப்பரைக் குறிக்கும் ‘கித்தா’, சிற்றூரைக் குறிக்கும் ‘கம்பம்’, பிரம்பைக் குறிக்கும் ‘ரோத்தான்’ ஆகியன மலாயிலிருந்து வந்து, தோட்டத்து வாழ்வோடு ஒன்றிவிட்டவை. இவற்றை வீட்டு மொழியின் சிதைவு என்று கூறுதல் பொருந்தாது. பேசுவோர்க்கு இவை தமிழே ஆகும்.

ஜகாட் என்னும் பெயரை அப்போய்க்குச் சூட்டுவோர் எம்மொழியில் சூட்டுகின்றனர் என்பது இங்கு முக்கியம். ‘கெட்டவன்’, ‘பொல்லாதவன்’ என்று தமிழில் கடிந்தால் அது வீட்டின் தீர்ப்பு. ஆட்சிமொழியிலிருந்து பெற்ற சொல்லால் கடியும்போது, வெளியுலகம் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பீட்டையே பெரியவர்கள் தம் பிள்ளையின் மீது சுமத்துகின்றனர். படம் இதனை விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. தலைப்பைக் கேட்ட மலேசியத் தமிழர்க்கு இது விளங்கும். ஆங்கிலத்தில் இப்படத்திற்கு வழங்கிய பெயரின் பொருள் ‘கொடிய’ என்பதாகும். கொடுமை என்னும் பொருள் அதில் எஞ்சியது. சொல் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் வரலாறு எஞ்சவில்லை. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கும் இதே இழப்பு நேரும். அவர்க்கு ஜகாட் என்பது பொருளற்ற ஓர் ஒலி. ஒரே மொழி பேசுவோர்க்கிடையிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

அப்போயின் வயதும் கருதத்தக்கது. மலேசியக் கல்விமுறையில் தமிழ்ப்பள்ளி என்பது ஆறாண்டுத் தொடக்கப்பள்ளியே. பன்னிரண்டு வயதில் அது முடிவடைகிறது. அதன்பின் அரசு இடைநிலைப் பள்ளியில் மலாயே பயிற்று மொழி. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து வருவோர்க்கு ஓராண்டு இடைமாற்று வகுப்பும் உண்டு. ஆகவே பன்னிரண்டு வயது என்பது அச்சமுதாயத்துப் பிள்ளைக்கு உடலியல் எல்லையாவதற்கு முன்பே மொழி எல்லையாகிவிடுகிறது. எவன் கடப்பான், எவன் கரையில் நிற்பான் என்பது அவ்வாண்டில் பெருமளவு உறுதிப்படுகிறது. முதிர்வுப் படத்துக்கு இயக்குநர் தேர்ந்த வயது இவ்வகையில் மிகப் பொருத்தமானது.

3. தீபன்: பிள்ளையே மொழிபெயர்ப்பாளர்

‘தீபன்’ 2015 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. ஈழப்போரின் முடிவில் முன்னாள் போராளி ஒருவர், யாழினி என்னும் இளம்பெண், பெற்றோரை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி இளையாள் ஆகிய மூவரும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு கணவன், மனைவி, மகள் என நடித்துப் பிரான்சை அடைகின்றனர். தீபனாக எழுத்தாளர் ஷோபாசக்தியும் யாழினியாகக் காளீஸ்வரி சீனிவாசனும் இளையாளாகக் குளோடின் வினாசித்தம்பியும் நடித்தனர். இயக்குநர் தமிழ் அறியாதவர். படத்தின் உரையாடலில் பெரும்பகுதியோ தமிழ். அதுவும் ஈழத்துத் தமிழ். யாழினியாக நடித்தவர் சென்னை மேடை நாடகத்திலிருந்து வந்தவராதலின், அவருக்கு அதுவும் கற்றுப் பேசவேண்டிய வேறொரு கிளைமொழியே.

இளையாள் பருவ வயதை எட்டாதவள். எனினும் முதிர்வுப் படத்தின் மையச் செயல் அவளிடமே நிகழ்கிறது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் சேர்க்கப்படும் அவளுக்கே வீட்டில் முதலில் பிரெஞ்சு கைவருகிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் பெற்றோருடன் சென்று பேசித் தருபவர் பிள்ளைகளே என்பது சமூக மொழியியலில் பல நாடுகளில் ஆராயப்பட்ட பொருள். இந்நிலையில் வீட்டின் அதிகார வரிசை தலைகீழாகிறது. பெரியவர் பேதையாகவும் சிறியவர் அறிந்தவராகவும் மாறுகின்றனர். பிள்ளை விரைந்து முதிர்வதற்கு இதுவே காரணமாகிறது.

இப்படத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இடம்பெறுகிறார். அகதிநிலை கோரும் நேர்காணலில் தீபன் தன் கதையைக் கூறுகிறார். தமிழரான உரைபெயர்ப்பாளர் அதனை அவ்வாறே பெயர்க்காமல், அக்கதை எடுபடாது என்று தமிழிலேயே எச்சரித்து, வேறு கூறுமாறு வழிகாட்டுகிறார். எதிரே அமர்ந்த அதிகாரிக்கு இவ்விடையாடல் முழுவதும் ஓர் ஒலித்தொடர் மட்டுமே. துணையுரையைப் படிக்கும் பார்வையாளரோ இரு பக்கமும் அறிந்தவராக வைக்கப்படுகிறார். உரைபெயர்ப்பாளரின் நடுவுநிலை பற்றி அத்துறைக்கல்வி கூறும் நெறிகள் அனைத்தையும் இச்சிறு காட்சி சோதனைக்கு உட்படுத்துகிறது. இங்கு நடுநிலை வழுவுதல் உயிர் காக்கும் செயலாகிறது. அதே வேளையில் உண்மையான துன்பம் ஒன்று, ஏற்கப்படும் வடிவத்திலான துன்பமாகப் பெயர்த்து எழுதப்படுகிறது. முன்னதை மட்டும் கண்டு பாராட்டுவதும் பின்னதை மட்டும் கண்டு கண்டிப்பதும் நிறைவான திறனாய்வு ஆகா.

உறவுப்பெயர்கள் இப்படத்தின் உள்ளார்ந்த சிக்கல். கடவுச்சீட்டின்படி அவ்விருவரும் இளையாளுக்கு அப்பா, அம்மா. தமிழில் உறவுப்பெயர் குருதியுறவுக்கு மட்டும் உரியதன்று. அறியாத பெண்ணை அம்மா என்றும் அக்கா என்றும் விளிப்பது நாள்தோறும் நிகழ்வது. ஆகவே ஒரு சிறுமி யாழினியை அம்மா என்றால் தமிழ்ச் செவிக்கு அதில் பொய்யும் உண்டு, பொதுவான மரியாதையும் உண்டு, மெல்ல மெல்ல உண்மையாகும் வாய்ப்பும் உண்டு. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ அத்தகைய பொது விளி இல்லை. அங்கு அச்சொல் உரிமை கோரும் சொல் மட்டுமே. துணையுரை பொருளைச் சரியாகவே தருகிறது. மூன்று அடுக்குகளில் ஒன்றை மட்டும் தருகிறது.

இளையாள் ஓரிடத்தில் யாழினியிடம் அவருக்கு உடன்பிறந்தோர் உண்டா என வினவி, அவர்களிடம் நடந்துகொண்டது போலத் தன்னிடமும் இருக்கக் கேட்கிறாள். மகளாக ஏற்கும்படி கேட்கவில்லை. தங்கையாக ஏற்றால் போதும் என்கிறாள். கடவுச்சீட்டு எழுதிய உறவை விடுத்துத் தாங்கக்கூடிய உறவு ஒன்றை அச்சிறுமியே முன்மொழிகிறாள். ‘இளையாள்’ என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகளில் தங்கை என்னும் பொருளும் உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. படைத்தோர் இதனைக் கருதினரோ இல்லையோ, தமிழ் அறிந்தவர்க்கு அப்பெயர் அவ்விடத்தில் பேசுகிறது. உரோமன் எழுத்தில் அது ஓர் அடையாளச் சீட்டாக மட்டுமே நின்றுவிடுகிறது.

கிளைமொழி இழப்பும் குறிப்பிடத்தக்கது. ‘ஓம்’, ‘கதைக்கிறது’, ‘வாங்கோ’ என வரும் ஈழ வழக்குக்கும் தமிழ்நாட்டு வழக்குக்கும் உள்ள வேறுபாடு துணையுரையில் முற்றாக மறைகிறது. இது துணையுரையின் இயல்பான வரம்பு. இரண்டு வரியில் ஓடும் எழுத்தில் கிளைமொழியைக் காட்ட முனைந்தால் நகைப்புக்கு இடமாகும். ஆனால் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பேச்சு தாவும் இடத்தைக் காட்டுவதற்கு அவ்வளவு தடை இல்லை. பிள்ளை எந்நொடியில் தமிழை விட்டுப் பிரெஞ்சுக்கு மாறுகிறாள் என்பதே கதையாகும்போது, இரண்டையும் ஒரே எழுத்தில் ஒரே நிறத்தில் அச்சிட்டால், இரு மொழியும் அறியாத பார்வையாளர் அம்மாற்றத்தை உணராமலே போகக்கூடும்.

4. ஃபன்னி பாய்: வழு குறியாகும் இடமும் குறியாகாத இடமும்

ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவல் 1994 இல் வெளிவந்தது. கொழும்பின் வசதியான தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அர்ஜி என்னும் சிறுவன், தன் பாலீர்ப்பு பிறரிடமிருந்து வேறுபட்டது என உணர்வதும், 1983 ஜூலை வன்முறைக்குப்பின் அக்குடும்பம் கனடாவுக்குப் புலம்பெயர்வதும் அதன் பொருள். அர்ஜி புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். முதிர்ச்சி எய்தும் காலத்திலேயே அவன் குடும்பம் புலம்பெயர் குடும்பம் ஆகிறது. நாவலாசிரியரும் இயக்குநரும் இணைந்து திரைக்கதை அமைத்தனர்.

நாவலின் தலைப்பும் மொழிபெயர்ப்புக்கு உட்படாதது. அவ்வாங்கிலச் சொல்லுக்கு நகைப்பூட்டும், விந்தையான என்னும் இரு பொருள் உண்டு. தன்னைப் பற்றிப் பெரியவர்கள் அச்சொல்லைக் கூறிய தொனி இவ்விரண்டிலும் அடங்கவில்லை என்பதைச் சிறுவன் உணர்வது நாவலின் தொடக்கப் பகுதியில் வருகிறது. ‘வேடிக்கைப் பையன்’ என்றால் முதற்பொருள் மட்டும் வரும். ‘விசித்திரமானவன்’ என்றால் இரண்டாவது மட்டும் வரும். பேச்சுத்தமிழின் ‘ஒரு மாதிரி’ என்னும் தொடர் மூன்றாவதாகிய சொல்லாமற் சொல்லும் பழிப்பை மிக நெருங்குகிறது. எனினும் அதில் நகைப்பு இல்லை.

இப்படம் 2020 டிசம்பரில் வெளிவருவதற்கு முன்பே, அதன் முன்னோட்டத்தில் ஒலித்த தமிழ் குறித்துக் கனடாவிலும் பிற நாடுகளிலும் உள்ள ஈழத்தமிழர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றைத் தமிழ் பேசாத நடிகர் ஏற்றிருந்தனர். அவர்தம் உச்சரிப்பு, தமிழர் துயரைக் கூறவந்த படத்தில் தமிழையே கேட்டறிய இயலாததாக்கியது என்பதே குற்றச்சாட்டு. பின்னர்த் தமிழ் உரையாடல்கள் மறுபதிவு செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

இச்சிக்கலை இன உரிமை, வாய்ப்பு மறுப்பு என்னும் நோக்கில் பலர் விவாதித்துள்ளனர். அவ்விவாதம் நியாயமானது. ஆயினும் மொழியியல் நோக்கில் எழும் வினா சற்று வேறானது. நாவலில் அர்ஜி சிங்கள வழி வகுப்பில் பயில்பவன். சிங்களமே நாளைய மொழி என்று கருதிய தந்தையின் முடிவு அது. 1956 ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிந்திய இலங்கையில் அத்தகைய முடிவின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் சிங்கள மாணவன் ஒருவன் அர்ஜியைத் தமிழ் வகுப்புக்குப் போகச் சொல்லி விரட்டும்போது, அவ்வகுப்பில் பயிலும் அளவுக்கு அவனுக்குத் தமிழ் வராது. தமிழன் என்பதற்காகத் துன்புறும் சிறுவன் ஒருவன் தமிழில் தயங்குபவன் என்பது அந்நாவலின் கூரிய முரண்களுள் ஒன்று.

அவ்வாறாயின் திரையில் அர்ஜியின் தமிழ் வழுவுடன் ஒலிப்பது குற்றமாகாது; சொல்லப்போனால் அதுவே உண்மை. ஆனால் அவ்வழு பொருள் தரவேண்டுமாயின் அருகில் வழுவாத் தமிழ் ஒன்று ஒலிக்க வேண்டும். பாட்டியின் தமிழ் நிறைவாகவும், பெற்றோர் தமிழ் ஆங்கிலம் கலந்ததாகவும், பேரனின் தமிழ் தயக்கமாகவும் அமையும்போதுதான் மூன்று தலைமுறையின் மொழிவரலாறு செவிவழியே புலப்படும். ஒலியன்கள் எதிர்நிலையால் வேறுபடுவது போலவே பாத்திரங்களின் பேச்சும் எதிர்நிலையாலேயே பொருள் பெறுகிறது. எல்லோர் தமிழும் ஒரே வகையில் பிறழும்போது பிறழ்ச்சி குறியாக நிற்பதில்லை. படப்பிடிப்பின் குறைபாடாகவே கேட்கப்படும். ழகர ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் பாட்டியின் நாவிலேயே நழுவினால், பேரன் இழந்தது யாது என்று கேட்பவர்க்கு எப்படித் தெரியும்?

ஆதலின் இப்படத்தின் குறை தமிழ் பேசாதோரை நடிக்க வைத்தது என்னும் அளவில் நின்றுவிடுவதன்று. மொழியிழப்பைக் காட்டுவதற்கான கருவியையே படம் கைநழுவ விட்டது என்பதே பெருங்குறை. மறுபதிவு உச்சரிப்பைத் திருத்தக்கூடும். ஆனால் எல்லோர்க்கும் ஒரே சீராகத் திருத்தினால் அர்ஜியின் தயக்கமும் உடன் அழிந்துவிடும். திருத்த வேண்டிய குரல் எது, விட்டுவைக்க வேண்டிய குரல் எது எனப் பிரித்தறிதல் உச்சரிப்புப் பயிற்சியாளரின் பணியோடு முடிவதன்று. அது பனுவலை ஆழ்ந்து படித்தவர் செய்யவேண்டிய பணி.

5. மொழியை விழுக்காட்டால் அளத்தல்

இம்மூன்று படங்களையும் விருது நிறுவனங்கள் எதிர்கொண்ட முறை ஒப்பிடத்தக்கது.

2016 ஆம் ஆண்டு நடைபெற்ற 28 ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த படத்துக்கான போட்டிக்கு உரையாடலில் நூற்றுக்கு எழுபது பகுதி மலாயில் அமைய வேண்டும் என்னும் விதி இருந்தது. அதனால் ‘ஜகாட்’ மலாய் அல்லாத மொழிப் படங்களுக்கான தனிப் பிரிவில் வைக்கப்பட்டது. மலேசியத் திரைத்துறையினர் பலர், மலாய்க் கலைஞர் உட்பட, இதனை எதிர்த்தனர். முடிவில் மொழி வேறுபாடற்ற சிறந்த மலேசியப் படம் என்னும் பிரிவு அமைக்கப்பட்டு, அவ்விருதை ‘ஜகாட்’ பெற்றது.

2020 இல் ‘ஃபன்னி பாய்’ கனடாவின் சார்பில் ஆஸ்கர் விருதின் பன்னாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்பதால் அது ஏற்கப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் நைஜீரியாவின் ‘லயன்ஹார்ட்’ படத்துக்கும் இதுவே நேர்ந்தது. பிரான்சோ 2015 இல் தன் சார்பில் ‘மஸ்டாங்’ என்னும் துருக்கி மொழிப் படத்தை அனுப்பியது. தமிழ் மிகுந்த ‘தீபன்’ படமும் அவ்வாண்டு அந்நாட்டின் பரிசீலனையில் இருந்தது.

ஓரிடத்தில் ஆட்சிமொழி குறைந்ததால் தடை. மற்றோரிடத்தில் ஆங்கிலம் மிகுந்ததால் தடை. இரண்டும் எதிரெதிர் விதிகளாகத் தோன்றினும் அடிப்படை ஒன்றே. ஒரு படத்துக்கு ஒரு மொழிதான் உண்டு, அதனை அளந்து காணலாம் என்பதே அவ்வடிப்படை. புலம்பெயர் குடும்பத்துப் படத்துக்கு இவ்வடிப்படை பொருந்தாது. கொழும்பின் ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழ்க் குடும்பம் வீட்டில் ஆங்கிலம் பேசுவது இயல்பு. விதிக்கு இணங்குமாறு அவர்களைத் தமிழில் பேசவைத்தால் விழுக்காடு நேராகும், வாழ்க்கை பொய்யாகும். எத்தனை நிமிடம் எம்மொழி என்பதைக் காட்டிலும், யார் யாரிடம் எப்போது எம்மொழியில் பேசுகிறார் என்பதே ஆராயத்தக்கது.

6. அந்தமான் சூழலும் இப்படங்களும்

இவ்வாராய்ச்சி அயல்நாட்டுத் தமிழரோடு முடிவதன்று. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவினர். 1964 ஆம் ஆண்டு இந்திய – இலங்கை ஒப்பந்தத்தின் வழித் திரும்பிய மலையகத் தமிழருள் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் முன்னோர் கடல் கடந்து சென்று, வழித்தோன்றல்கள் கடல் கடந்து மீண்டு, தாயகத்திலும் தீவொன்றிலேயே தங்கினர். போர்ட் பிளேயர் என 2024 வரை வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தின் புறத்தே உள்ள கராச்சர்மா போன்ற ஊர்களில் வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, இந்தி பேசுவோர் ஆகியோர் அருகருகே வாழ்கின்றனர். அவர்க்கிடையே பொதுமொழியாக வழங்குவது அந்தமான் இந்துஸ்தானி என மொழியியலார் பெயரிட்ட வழக்கு. இவர்கள் நாட்டெல்லை கடந்த குடியேறிகள் அல்லர். எனினும் வீட்டில் தமிழ், தெருவில் இந்துஸ்தானி, மேற்கல்வியில் ஆங்கிலம் என வளரும் பிள்ளையின் மொழிநிலை அப்போயின் நிலைக்கு மிக அருகில் உள்ளது.

அத்தகைய பிள்ளை ஒன்றைப் பற்றிப் படம் எடுக்க முனைவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் உரையாடலே ஆகும். தமிழ்நாட்டுத் திரைத்தமிழில் எழுதினால் அனைவர்க்கும் புரியும். அப்பிள்ளை அவ்வாறு பேசாது. உண்மையில் பேசும் கலப்பு வழக்கில் எழுதினால் சென்னையிலேயே துணையுரை வேண்டியிருக்கும். ‘ஜகாட்’ இரண்டாவது வழியைத் தேர்ந்தது. தேர்ந்ததனால் அதன் பார்வையாளர் சுருங்கினரே அன்றி அதன் உண்மை சுருங்கவில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவதாக, புலம்பெயர் குடும்பத்து முதிர்வுப் படத்தில் மொழித்தேர்ச்சியின் மாற்றமே கதையின் முதுகெலும்பு. ‘ஜகாட்’ படத்தில் அது பிறர் சூட்டும் சொல்லாகவும், ‘தீபன்’ படத்தில் பெரியவர்க்குப் பேசித்தரும் பொறுப்பாகவும், ‘ஃபன்னி பாய்’ நாவலில் தாய்மொழி வராத தவிப்பாகவும் வெளிப்படுகிறது.

இரண்டாவதாக, மூன்றனுள் மொழியை முழுமையாகக் கையாண்டது ‘ஜகாட்’ எனலாம். அதன் பேச்சு அம்மக்களின் பேச்சே. ‘தீபன்’ தமிழ் அறியாத இயக்குநரின் படமாயினும், தமிழ் அறிந்த நடிகர்களை நம்பி விட்டதால் பெரிதும் வென்றது. தமிழ் மரபினரான நாவலாசிரியர் திரைக்கதையில் பங்கேற்றும் ‘ஃபன்னி பாய்’ செவிக்குத் தோற்றது. இயக்குநர் மொழியை அறிவது இன்றியமையாததன்று; அறிந்தவர் குரலுக்கு இடம் விடுவது இன்றியமையாதது.

மூன்றாவதாக, துணையுரை எழுதுவோர் மூன்றினைக் கருத்திற் கொள்ளுதல் நலம். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தைச் சாய்வெழுத்தாலோ நிறத்தாலோ காட்டலாம். அப்பா, அம்மா, அக்கா போன்ற விளிகளை, இணைச்சொல் பொருந்தாவிடத்து, ஒலிபெயர்ப்பாகவே விடலாம். இரண்டு காட்சிகளுக்குள் பார்வையாளர் அவற்றைக் கற்றுக்கொள்வர். ஒரு பாத்திரத்தின் தடுமாற்றத்தைத் துணையுரையில் செம்மைப்படுத்தலாகாது. தட்டுத்தடுமாறிப் பேசும் சிறுவனுக்கு இலக்கண வழுவற்ற ஆங்கில வரி அளித்தால், அவன் இன்னும் அடையாத முதிர்ச்சியை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே அவனுக்கு அளித்தவராவர்.